வெறுங்கால், வந்தவாசி, மோகன் பகான்: ஒரு கிளப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2019 ஏப்ரல் கடைசியில் கொல்கத்தாவிலிருந்து ஒரு மரணச் செய்தி வந்தது. ஆங்கில ஏடுகள் விளையாட்டுப் பக்கத்தில் சில பத்திகள் ஒதுக்கியிருந்தன. இறந்தவர் புங்கம் கண்ணன். மோகன் பகான் கிளப்புக்கு எட்டு வருஷம், அதன் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்கு இரண்டு வருஷம் ஆடியவர். 'ஆசியப் பெலே' என்பது ஜெர்மன் பயிற்சியாளர் டெட்மர் கிராமர் அவருக்குச் சூட்டிய பெயர். கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் இருந்தார் என்றும் அந்தச் செய்திகள் சொல்லின. பிறந்த ஊர் வந்தவாசி.

வந்தவாசி என்றால் நமக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று கோரைப் பாய். இன்னொன்று 1760இல் அயர் கூட், லாலியைத் தோற்கடித்த போர். பள்ளிக்கூடப் பாடத்தில் ஐந்து மார்க் கேள்வி. திருவண்ணாமலையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய் இறங்கிவிடலாம். அந்த ஊரில் பிறந்த ஒருவர் கல்கத்தா மைதானத்தில் லட்சம் பேர் வாயில் அடிபட்ட கதை இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து டீக்கடையில் நின்றபோது இதைச் சொன்னேன். "வந்தவாசிக்காரரா? பெங்காலிங்க கிளப்புல நம்மாளுக்கு என்ன வேலை தோழர்?" என்றார் நண்பர். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். கண்ணனின் வாழ்க்கை வரலாறு அல்ல இது. அவருடைய கால்களை எடுத்துக்கொண்ட கிளப்பின் வரலாறு.

கால்பந்து கிளப் என்பது 'நாம்' என்று சொல்லப் பழக்கும் ஒரு நிறுவனம். பள்ளிக்கூடமும் கோயிலும் கட்சியும் செய்கிற அதே வேலையை அது சனிக்கிழமை மாலையில் செய்கிறது. 'நாம் ஜெயித்தோம்' என்று சொல்கிறவன் பந்தைத் தொட்டவன் அல்ல. தொட்டவன் பல நேரங்களில் அந்த 'நாம்'க்குள் இருப்பதுமில்லை. மோகன் பகான் இந்தியாவின் 'தேசிய கிளப்' என்று கொண்டாடப்படுவது. எனவே அதன் 'நாம்' எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்பது தேசம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்பதும்தான்.

கிளப் தொடங்கியது 1889 ஆகஸ்ட் 15. வட கல்கத்தாவில் மோகன் பகான் வில்லா என்றொரு மாளிகை. பகான் என்றால் தோட்டம். அங்கே கூடிய கனவான்கள் 'மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் வேட்டையாடுவதில்லை, மீன் பிடிப்பதில்லை, அப்புறம் என்ன 'ஸ்போர்ட்டிங்' என்று பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ என்ற ஆங்கிலேயர் கேட்டாராம். உடனே 'அத்லெடிக் கிளப்' என்று மாற்றிக்கொண்டார்கள். பெயரைக்கூட வெள்ளைக்காரப் பேராசிரியர் திருத்த வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் தலைவர் பூபேந்திரநாத் பாசு. 1914இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தாரே, அதே பாசுதான். வக்கீல், நிலவுடைமை, ஆங்கிலக் கல்வி, காங்கிரஸ் என்று வங்காளத்தின் 'பத்ரலோக்' வகுப்பு. நம் ஊரில் மயிலாப்பூர் என்று சொல்வோமே, அதற்குச் சமம்.

இந்த வகுப்புக்குப் பந்து ஏன் தேவைப்பட்டது? வங்காளி பாபு ஆண்மையற்றவன், பேனா பிடிக்கத்தான் லாயக்கு, போர் இனங்கள் வேறு என்பது காலனியச் சொல்லாடல். அதற்குப் பதில் சொல்ல உடல் வேண்டும். மல்யுத்தம், சிலம்பு, கால்பந்து எல்லாமே அந்தப் பதிலின் பகுதிகள். ஆனால் எவனுடைய உடல்? மோகன் பகானுக்குச் சில வருஷம் முன்னால் நடந்த ஒரு சம்பவம் இதற்கு விடை. வங்காளத்தில் கால்பந்தைப் பரப்பியவர் என்று சொல்லப்படும் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, வெலிங்டன் கிளப்பில் மணி தாஸ் என்ற இளைஞரைச் சேர்க்க முயன்றார். மணி தாஸ் குயவர் வீட்டுப் பிள்ளை. மற்ற உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். சர்வாதிகாரி கிளப்பையே கலைத்துவிட்டு சோவாபஜார் கிளப்பைத் தொடங்கினார். அந்த சோவாபஜார்தான் 1892இல் டிரேட்ஸ் கோப்பையில் கிழக்கு சர்ரே ரெஜிமென்ட்டைத் தோற்கடித்தது. வெள்ளை அணியை இந்திய அணி வென்ற முதல் ஆட்டங்களில் ஒன்று அது. தேசியவாத வரலாறு 1911ஐப் பாடிக்கொண்டே இருக்கிறது. குயவர் மகனுக்காக ஒரு கிளப் கலைக்கப்பட்டதை அது மெல்லிய குரலில்தான் சொல்கிறது.

சரி, 1911க்கு வருவோம். ஐ.எஃப்.ஏ. ஷீல்ட் போட்டி. செயின்ட் சேவியர்ஸ், ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட், மிடில்செக்ஸ் என்று வரிசையாக வென்று ஜூலை 29 அன்று இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை எதிர்கொண்டது மோகன் பகான். பதினொருவரில் பத்துப் பேருக்கு வெறுங்கால். பூட்ஸ் போட்டவர் சுதிர் சட்டர்ஜி, கிறிஸ்தவர். முதல் கோல் ராணுவத்துக்கு. கேப்டன் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், அபிலாஷ் கோஷ் கடைசி நிமிஷங்களில் வெற்றி கோல் போட்டார். இரண்டுக்கு ஒன்று. மைதானத்தில் நிற்க இடமில்லாத கூட்டத்துக்காகப் பட்டம் பறக்கவிட்டு அதில் கோல் கணக்கை எழுதிக் காட்டினார்கள். இந்தப் பட்டக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தேசம் தன்னை நிமிர்ந்து பார்த்துக் கணக்குக் கேட்கிறது.

இதற்குச் சரியாக ஆறு வாரம் முன்பு, ஜூன் 17 அன்று, மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். வ.உ.சி. அப்போது சிறையில். இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்கில்லை. வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம் பேசிய தேசம் எந்தத் தேசம், அது யாருடைய தர்மத்தைக் காப்பாற்றப் புறப்பட்டது என்ற விவாதம் இங்கே நிறைய நடந்திருக்கிறது. அதே கேள்வியை அந்தப் பதினொருவரிடமும் கேட்கலாம். முகர்ஜி, சட்டர்ஜி, பட்டாச்சார்யா, பாதுரி, சென்குப்தா, கோஷ், ராய், சர்க்கார், சுகுல். பெயர்ப் பட்டியலைச் சத்தமாகப் படித்தாலே போதும். 'வெறுங்கால் இந்தியர்' என்ற படிமம் ஏழ்மையின் படிமமாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. செருப்புப் போட அனுமதிக்கப்படாதவனின் வெறுங்கால் அல்ல அது. பூட்ஸ் வாங்க முடிந்தும் பழக்கத்தால், பெருமிதத்தால் கழற்றி வைத்த கால். நம் ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த வேறுபாட்டைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

இப்படிச் சொல்வதால் அந்த வெற்றியைச் சின்னதாக்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு 'தி முஸல்மான்' பத்திரிகையும் கொண்டாடியது. முஸ்லிம் கிளப்புக்காரர்களும் சந்தோஷத்தில் கூத்தாடினார்கள் என்று எழுதியது. அந்த ஒரு மாலை 'நாம்' கொஞ்சம் அகலமாகவே இருந்தது. பின்னர் எப்படிக் குறுகியது என்பதுதான் விஷயம்.

வெற்றிக்குப் பிறகும் கல்கத்தா லீக்கில் இந்திய அணிகளுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. மோகன் பகானை 1914இல் இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார்கள். மறு வருஷம் முதல் டிவிஷன். அங்கே இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்றொரு விதி. ஆக, உள்ளே நுழைந்த இரண்டு இந்திய கிளப்புகளுக்கும் வெளியே நின்ற இந்திய கிளப்புகளுக்கும் மோதல். 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் 1925இல்தான் முதல் டிவிஷனுக்குள் வர முடிந்தது. அதைத் தடுக்க நின்றவர்களில் மோகன் பகானும் உண்டு என்று ஈஸ்ட் பெங்கால் தரப்பு இன்றும் சொல்லும். இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுகிறவர்கள் இந்த 'இரண்டு இடம்' கதையை வாசிக்க வேண்டும். கதவு ஒரு சாண் திறந்தால் முதலில் நுழைந்தவன் பின்னால் வருகிறவனைத்தான் தள்ளுவான்.

அடுத்தது 1934. முகமதன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி ஆனது. தொடர்ந்து ஐந்து வருஷம், 1938 வரை. மோகன் பகானுக்கு முதல் லீக் பட்டம் 1939இல்தான். ஆனால் முகமதனின் ஐந்து வெற்றியை 'தேசிய வெற்றி' என்று யாரும் சொல்லவில்லை. முஸ்லிம் வெற்றி என்றார்கள். அதே மைதானம், அதே வெள்ளை எதிரி. முகமதன் செய்த ஒரு காரியம் நம் கதைக்கு முக்கியம். வங்காளத்துக்கு வெளியே, பெங்களூர் வரை ஆள் அனுப்பி ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்தது. ஈர மைதானத்தில் பூட்ஸும் போட வைத்தது. வெறுங்கால் புராணத்தை முதலில் நடைமுறையில் உடைத்தவர்கள் அவர்கள்தான்.

தெற்கிலிருந்து கால்களைத் தருவிக்கும் இந்தப் பாதை பிறகு பெரிய சாலையாகிவிட்டது. 1947க்குப் பிறகு எல்லை தாண்டி வந்த அகதிகள் ஈஸ்ட் பெங்காலைத் தங்கள் இழந்த ஊராகவே கொண்டாடினார்கள். அவர்களுக்கு ஹில்சா மீன், மோகன் பகான்காரர்களுக்கு இறால். யார் ஜெயித்தார்களோ அந்த மீன் அன்று சந்தையில் விலை ஏறும் என்பார்கள். அந்த அகதிகளின் கண்ணீரைத் துடைத்ததாகச் சொல்லப்படும் 'பஞ்ச பாண்டவர்' முன்வரிசை யார்? வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னிந்தியர். ஒருவருக்கும் பத்மா நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்திருக்க அவசியமில்லை. இழந்த கிழக்கு வங்காளத்தின் அடையாளத்தைப் பெங்களூர்க்காரனும் ஆந்திரக்காரனும் மலையாளியும் காலால் கட்டிக் கொடுத்தார்கள். அடையாளம் என்பது உள்ளே ஊறி வருவது என்று நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் இதே கூட்டணிதான். பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று தோல்வி. கேப்டன் நாகர் இனத்தைச் சேர்ந்த டி. ஆவ், மோகன் பகான் ஆட்டக்காரர், மருத்துவம் படித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். மலையிலிருந்து ஒருவர், தெற்கிலிருந்து ஒருவர். கல்கத்தா நடுவில் உட்கார்ந்து இருவரையும் 'இந்தியா' ஆக்கியது.

இந்தப் பாதையில்தான் வந்தவாசிக் கண்ணனும் போகிறார். வட ஆற்காட்டு மானாவாரி நிலம் ஆட்களை ஏற்றுமதி செய்து பழகிய நிலம். கோலார் தங்க வயலுக்கு, மலேயா ரப்பர் தோட்டத்துக்கு, நேட்டால் கரும்புக் காட்டுக்கு. கங்காணி வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவான். கல்கத்தா கிளப்புகளும் ஆள் அனுப்பித்தான் கூட்டிப்போயின. வித்தியாசம் ஒன்று. தோட்டத்துக்குப் போனவன் கூலி என்று பதிவேட்டில் இருந்தான். கிளப்புக்குப் போனவன் 'அமெச்சூர்', அதாவது விளையாட்டின் மேலுள்ள காதலால் ஆடுகிறவன்.

இந்த 'அமெச்சூர்' என்ற சொல்லை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தேசிய லீக் வந்ததே 1996இல்தான். அதுவரை கல்கத்தா கால்பந்து காகிதத்தில் அமெச்சூர். ஆட்டக்காரருக்கு ரயில்வேயிலோ வங்கியிலோ துறைமுகத்திலோ சுங்க இலாகாவிலோ ஒரு வேலை. கிளப்பிலிருந்து கையில் கொஞ்சம் பணம், ரசீது இல்லாமல். மாற்றல் பருவம் வந்தால் ஆட்டக்காரர்களை எதிர்க் கிளப் கண்ணில் படாமல் விடுதிகளில் ஒளித்து வைப்பார்கள். ஆள் கடத்தல் கதைகளாகவே இவை கல்கத்தாவில் ரசித்துச் சொல்லப்படும். ரசிக்கத்தான் தோன்றும். ஆனால் ரசீது இல்லாத இடத்தில் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாத இடத்தில் சேமநிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, சங்கம் இல்லை. முழங்கால் போனால் போனதுதான். சைலேன் மன்னா போன்றவர்கள் மோகன் பகானுக்குப் பத்தொன்பது வருஷம் பற்றுதலோடு ஆடினார்கள், அவருக்கு அரசு வேலை இருந்தது, 1971இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தத் தியாகம் நிஜம்தான். வேலையும் வீடும் மொழியும் இருப்பவனின் தியாகத்தை, மொழி தெரியாத ஊரில் கால்களை மட்டும் வைத்திருப்பவனுக்கும் சட்டமாக்கினால் அதற்கு வேறு பெயர். உபரி மதிப்பு எங்கே போனது என்று கேட்டால் கிளப்பில் பதில் சொல்ல ஆள் இருக்காது. டிக்கெட் விற்ற காசு, அரசியல் செல்வாக்கு, நிர்வாகிகளின் பெயர் எல்லாம் சேர்ந்துகொண்டே போயின.

(1977 செப்டம்பரில் நிஜப் பெலே கல்கத்தா வந்து காஸ்மாஸ் அணிக்காக மோகன் பகானுடன் ஆடினார். இரண்டுக்கு இரண்டு. அந்த மாலையைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட 'ஆசியப் பெலே' பற்றி எழுதப்படவில்லை.)

மோகன் பகானின் இன்னொரு பெருமை, வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை என்பது. மற்றவர்கள் நைஜீரியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் கூட்டிவந்தபோது இது பிடிவாதமாக நின்றது. 1991இல் நைஜீரியரான சீமா ஒகோரியைச் சேர்த்ததோடு அந்த விரதம் முடிந்தது. இந்தியா உலகச் சந்தைக்குக் கதவைத் திறந்த அதே வருஷம் என்பது தற்செயலாக இருக்கலாம். இதைப் படித்தபோது எனக்கு மெக்ஸிகோவின் குவாதலஹாரா கிளப் நினைவுக்கு வந்தது. சீவாஸ் என்று செல்லப்பெயர். ஆடுகள் என்று அர்த்தம். மெக்ஸிகர்களை மட்டுமே ஆடவைப்பது என்ற கொள்கையை இன்றுவரை விடாத கிளப். அந்த நாட்டின் எளிய ஜனங்களின் அணி என்று அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால் 1906இல் அதைத் தொடங்கியவரே எட்கர் எவெரார்ட் என்ற பெல்ஜியக்காரர். தூய தேசியம் எங்கே தோண்டினாலும் அடியில் ஓர் அந்நியன் இருக்கிறான். குவாதலஹாராவில் பெல்ஜியக்காரர், மோகன் பகானில் பெயரைத் திருத்திய பேராசிரியர். பிறகு 'நம்மவர் மட்டும்' என்று கோடு போடுவது. அந்தக் கோட்டுக்குள் வந்தவாசிக்காரர் இந்தியர் என்பதால் வந்துவிடுகிறார். செத்த பிறகு நினைவுக்குள் வருவாரா என்பது வேறு கணக்கு.

1998க்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எங்கும் நடக்கிற கதை. விஜய் மல்லையாவின் மது நிறுவனம் மோகன் பகானில் பாதிப் பங்கு வாங்கியது. பெயர் 'மெக்டவல் மோகன் பகான்'. ஈஸ்ட் பெங்காலிலும் பாதி அதே முதலாளிக்கு. அது 'கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்'. ஹில்சாவும் இறாலும் ஒரே கடையில். 2020இல் ஐ.எஸ்.எல். போட்டியில் நுழைவதற்காக ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்தின் ஏ.டி.கே. அணியுடன் கால்பந்துப் பிரிவு இணைக்கப்பட்டது. எண்பது சதவீதப் பங்கு குழுமத்துக்கு. 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்ற பெயர் வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த மூன்று எழுத்தை எடு என்று மூன்று வருஷம் தெருவில், சுவரில், மைதானத்தில் கத்தினார்கள். 2023இல் எடுத்தார்கள். பதிலுக்கு 'சூப்பர் ஜெயன்ட்' என்று குழுமத்தின் இன்னொரு வணிகப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு 2024-25இல் லீக் ஷீல்டும் கோப்பையும் ஒரே பருவத்தில் கிடைத்தன. கோப்பை வந்தால் சத்தம் குறையும் என்று முதலாளிக்குத் தெரியும்.

என்றாலும் அந்த ரசிகர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பங்குப் பத்திரம் ஒன்றுகூட இல்லாதவர்கள் ஒரு பெயருக்கு உரிமை கொண்டாடினார்கள். சொத்துரிமைச் சட்டத்தில் இடமில்லாத உரிமை அது. பொதுவுடைமை பேசுகிற நாம் இதைக் கவனிக்கத் தவறினால் வேறு யார் கவனிப்பார்கள்? என் சங்கடம் வேறு. பெயருக்காக மூன்று வருஷம் கத்த முடிந்த 'நாம்', அந்தப் பெயருக்காக ஆடித் தேய்ந்த உடல்களுக்கு ஓய்வூதியம் கேட்டு மூன்று நாள் கத்தியதாக எங்கும் படித்ததில்லை. ஜூலை 29 ஒவ்வொரு வருஷமும் மோகன் பகான் தினம். பதினொருவருக்குச் சிலை உண்டு.

மைதானத்தின் 'நாம்' வேறு திசையிலும் திரும்பக்கூடும் என்பதற்கு ஒரு சமீபத்திய சாட்சி இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்முறைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். ஊர் தெருவுக்கு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று சால்ட் லேக் மைதானத்தில் டூராண்ட் கோப்பைக்காக மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். கேலரி முழக்கமாக மாறும் என்ற பயம். ஆட்டம் இல்லாத மைதானத்தின் வாசலுக்கு இரண்டு கிளப் ரசிகர்களும் வந்தார்கள். முகமதன் ரசிகர்களும் வந்தார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாசிஷ் போஸ் வந்து நின்றார். போலீஸ் தடியடி நடத்தியது. மோகன் பகான் சட்டை போட்டவன் தோளில் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டவன் உட்கார்ந்து கோஷம் போடுகிற படம் ஊரெல்லாம் பரவியது. 1911க்குப் பிறகு 'நாம்' அவ்வளவு அகலமானது அன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணின் மரணம் தேவைப்பட்டது அதற்கு. நூறு வருஷத்துக்கு மேலாக ஆண்களின் உடலைப் பற்றியே பேசிவந்த மைதானம் அது.

பதின்மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, அதே மைதானத்தில் இறுதியாட்டம் நடந்தது. மோகன் பகான் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. எதிரே டி. ஆவின் மலைப் பக்கத்திலிருந்து, கவுஹாத்தியிலிருந்து வந்த நார்த்ஈஸ்ட் யுனைடெட். அவர்கள் இரண்டையும் திருப்பிப் போட்டு, பெனால்டியில் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.